ஈரத் துணி கட்டிய தெர்மாமீட்டர்

சிவகாசியில் பிறந்தவளிடம் வந்து யாராவது வெயிலைப் பற்றிப் பேசுவார்களா? நான் கத்தார் தேசத்துக்கு வேலைக்குப் புறப்பட்டபோது எங்கள் தெருவே அதைத்தான் சொல்லிற்று. "உனக்கென்ன தாயி! சித்திரை வெயில்லே செருப்பில்லாம பள்ளிக்கூடம் போன காலு. அரபு தேசத்து வெயிலு உன்னை என்ன செஞ்சிரும்?" என்றாள் அடுத்த வீட்டு அத்தை. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஒரு பாட்டில் நன்னாரி சர்பத்தைப் பழைய துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

எங்கள் ஊருக்கு வெயில் என்றால் குறையல்ல, சொத்து. மேற்கே நிற்கும் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையைத் தன் பக்கமே வாங்கிக்கொண்டு, எங்களுக்கு வறண்ட காற்றைத்தான் அனுப்பிவைக்கிறது. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, மற்றதற்கெல்லாம் பணம் தேட வேண்டியிருந்தது. ஈரமில்லாத காற்று மட்டும் இனாமாகக் கிடைத்தது. குச்சியில் தோய்த்த மருந்து காய வேண்டும், பெட்டியில் தடவிய பசை காய வேண்டும், பின்னால் வந்த பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் அதே காய்ச்சல் வேண்டும். என் அம்மாச்சி தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். வானத்தில் மேகம் கூடினால் அவள் முகம் வாடும். மழை பெய்தால் சந்தோஷப்படும் ஊர்கள் உண்டு என்பதே எனக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில்தான் தெரியவந்தது!

தோகாவில் என் வேலை என்னவென்று கேட்பீர்கள். கடற்கரையோரம் ஏதாவது கட்டடமோ துறைமுகமோ வருவதற்கு முன்னும் பின்னும் அங்குள்ள தண்ணீரையும் சேற்றையும் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை. தண்ணீரில் உப்பு எவ்வளவு, கரைந்திருக்கும் பிராணவாயு எவ்வளவு, சேற்றில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். படித்த படிப்பு அது. குளிரூட்டிய அறையில் பாதி நாள், வெளியே பாதி நாள்.

போன முதல் கோடையில் நான் ஒரு காரியம் செய்தேன். கடைத்தெருவில் ஒரு மண்பானையைப் பார்த்துவிட்டு ஆசையாக வாங்கி வந்து, வீட்டுப் பால்கனியில் நிழலான மூலையில் மணல் பரப்பி வைத்தேன். நம் வீடுகளில் அப்படி வைத்தால் ஒரு இரவில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயோ, விடிந்து எழுந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்தால், குழந்தைக்குக் கால் கழுவ விளாவிய தண்ணீர் மாதிரி இருந்தது. பானையின் மேல் குற்றமில்லை. பானைக்கு வெளியே கசியும் ஈரம் காற்றில் உலர்ந்தால்தானே உள்ளே குளிரும்? அந்த ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரத்தால் வயிறு நிறைந்திருக்கிறது. வளைகுடாக் கடல் ஆழமில்லாத கடல். சராசரி ஆழமே சுமார் 35 மீட்டர்தான். கோடையில் அந்தத் தண்ணீர் 34, 35 டிகிரி வரை காய்ந்து, அண்டா வெந்நீரைப்போல ஆவி விட்டுக்கொண்டிருக்கும். காற்றுக் கடல் பக்கமிருந்து திரும்பிவிட்டால் போயிற்று. கண்ணாடி போட்டவர்கள் வெளியே வந்ததும் குருடர்கள்.

மனித உடம்பும் மண்பானைதான் என்பதை அந்தப் பானையைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். வியர்வை வருவதால் நாம் குளிர்வதில்லை. வியர்வை உலர்வதால் குளிர்கிறோம். உலராத வியர்வை வெறும் நஷ்டம்.

இதை அளப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. நாங்கள் களத்துக்குப் போகும்போதெல்லாம் முக்காலியில் நிறுத்திவைப்போம். அதிலே மூன்று தெர்மாமீட்டர்கள். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றின் குமிழைச் சுற்றி ஈரத் துணி கட்டியிருக்கும். துணியின் நுனி தண்ணீரில் தொங்கும். அது வியர்த்த மனிதனின் பிரதிநிதி. மூன்றாவது, கறுப்புச் சாயம் பூசிய ஒரு செப்புக் குண்டுக்குள் செருகியது; வெயிலில் நிற்பவனின் தலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத் துணிக்கு 10-ல் 7 பங்கு, கறுப்புக் குண்டுக்கு 2 பங்கு, சாதாரணத் தெர்மாமீட்டருக்கு 1 பங்கு மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் வருவதுதான் உடம்பு உணரும் வெப்பம். 1950-களில் அமெரிக்கக் கடற்படைப் பயிற்சி முகாம்களில் இளம் சிப்பாய்கள் வெயிலில் சுருண்டு விழுந்து இறந்ததைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். பத்திரிகையில் நாம் படிக்கும் 'இன்று 40 டிகிரி' என்ற செய்திக்கு இந்தக் கணக்கில் பத்திலொரு பங்குதான் மதிப்பு என்பதைப் பாருங்கள்!

கத்தாரில் 2021-ம் வருஷம் ஒரு சட்டம் வந்தது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக்கூடாது. அதோடு விடவில்லை; மணி எத்தனையானாலும் சரி, நான் சொன்ன அந்தக் கணக்கு 32.1-ஐத் தாண்டிவிட்டால் வேலையை நிறுத்தியாக வேண்டும். அந்நிய தேசங்களில் தொழிலாளிகள் படும் பாட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் கதைகளில் பல உண்மை. ஆனால் இந்த ஒரு எண்ணுக்காக நான் அந்தச் சட்டத்தைப் பாராட்டுவேன்.

2023 ஜூலையில் ஒருநாள் அந்த எண்ணின் அருமை தெரிந்தது.

தோகாவுக்கு வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் அல் தகீரா என்று ஓர் அலையாத்திக் காடு இருக்கிறது. பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது, மரங்கள் குட்டை. ஆனால் பாலைவனத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்தப் பச்சை ஒரு விருந்து. சேற்றுக்கு மேலே பென்சில்களை நட்டுவைத்தாற்போல் மூச்சுவிடும் வேர்கள் ஆயிரக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். இலையைத் திருப்பி நாக்கில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடுகிற மரம் அது. அன்றைக்கு ஆறு இடங்களில் தண்ணீரும் சேறும் எடுக்க வேண்டும்.

மூன்றரைக்கு எழுந்து நாலேகாலுக்கு வண்டி ஏறினோம். நான், கோழிக்கோட்டுப் பையன் ஒருவன், வண்டி ஓட்டுகிற நேபாளத்துத் தம்பி, சாமான் தூக்கி உதவி செய்ய ஓர் அண்ணாச்சி. அண்ணாச்சி நம் சாத்தூர்ப் பக்கம். வயது ஐம்பதைத் தாண்டியவர், வளைகுடாவில் பதினெட்டு வருஷம். என்னை முதலில் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். சிவகாசி என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து 'தாயி'.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெண்கள் படிக்கிற பத்திரிகையில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? வெயிலில் வேலை செய்கிறவர்கள் கால் மணிக்கொரு தரம் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆண்கள் குடித்துவிடுவார்கள். பெண்பிள்ளை தம்ளரைக் கையில் எடுக்குமுன் நாலு பக்கமும் பார்ப்பாள்: ஒதுங்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் தம்ளரைக் கீழே வைத்துவிடுவாள். கண்டக்டர் வண்டியை எங்கே நிறுத்துவாரோ என்று பஸ் பிரயாணத்தில் தண்ணீர் குடிக்காமலே வந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! அதனால் என் சாமான் பட்டியலில் ஐஸ் பெட்டிக்கு முன்னால் முதல் வரியாக மடக்குக் கூடாரமும் கழிப்பறைத் தொட்டியும் இருக்கும். சேர்ந்த புதிதில் அந்த வரியைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து மணிக்குச் சூரியன் கிளம்பிவிட்டது. தண்ணீர் இறங்கும் நேரம். முழங்கால் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, குழாயை இறக்கி, சேற்றை ஜாடியில் வழித்து, சீட்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில் அடுக்கி... ஒரு இடத்துக்கு முக்கால் மணி நேரம். காற்று அசையவில்லை. எட்டு மணிக்கெல்லாம் சட்டை முதுகோடு ஒட்டி, கைவிரல் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக வியர்வை, எழுதும் காகிதத்தில் விழுந்தது. பென்சிலால் எழுதுவோம், பேனா தாங்காது. நாலாவது இடம் முடிந்தபோது மணி ஒன்பது அடிக்கச் சில நிமிஷம். கருவியைப் போய்ப் பார்த்தேன். சாதாரணத் தெர்மாமீட்டர் 37. ஈரத் துணி 28. கறுப்புக் குண்டு 45. மொத்தக் கணக்கு 32.3.

"போதும், எல்லோரும் வண்டிக்கு வாருங்கள்" என்றேன்.

காரியாலயத்துக்குப் போன் செய்தேன். மேலதிகாரிக்கு வருத்தம். இரண்டே இடம்தானே, கருவியிலும் கால் டிகிரி முன்னே பின்னே இருக்கலாமே, இன்னும் பத்து மணி ஆகவில்லையே என்றார். சட்டம் கால் டிகிரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரைச் சமாளித்தது சுலபம். அண்ணாச்சியைச் சமாளிப்பதுதான் கஷ்டமாயிருந்தது.

"என்ன தாயி நீங்க! முப்பத்தேழு ஒரு வெயிலா? சாத்தூர் ரயிலடியிலே வெள்ளரிப் பிஞ்சுக் கூடையைத் தலையிலே வச்சு ஓடுன ஆளு நானு. ரெண்டு ஜாடிதானே, நான் போய் எடுத்தாறேன்" என்று ஐஸ் பெட்டியைத் தூக்கினார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "பெட்டியை மூடிட்டனா?" என்று கேட்டார். "மூடியிருக்கு அண்ணாச்சி" என்றேன். பெட்டி அவர் காலடியில்தான் இருந்தது. அரை நிமிஷம் கழித்து மறுபடி, "பெட்டியை மூடிட்டனா தாயி?" என்றார். மூன்றாம் தரமும் கேட்டபோது என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

வெயில் தலைக்கேறினால் மயங்கி விழுவார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். விழுவதற்கு முன்னால் பேச்சுத்தான் தடுமாறும். சொன்னதையே சொல்வார்கள், காரணமில்லாமல் கோபிப்பார்கள், கேட்டால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்பார்கள். அந்த நிலையில் அவர்கள் பேச்சைக் கேட்கக்கூடாது, நாழியும் போக்கக்கூடாது. நானும் கோழிக்கோட்டுப் பையனும் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் வண்டியில் படுக்க வைத்தோம். மேலங்கியைக் கழற்றி, ஈரத் துண்டால் உடம்பை மூடி, மாதிரி ஜாடிகளுக்காக வைத்திருந்த ஐஸை எடுத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தோம். நேபாளத்துத் தம்பி விசிறினான். நான் 999-க்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணாச்சி கண்ணைத் திறந்து, "ஐஸை எனக்கு வச்சுட்டீகளே, சேறு கெட்டுப்போகாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அர்த்தம் இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இரண்டு இடத்து மாதிரிகளையும் மூன்று நாள் கழித்துப் போய் எடுத்தோம். கடல் எங்கும் ஓடிப்போய்விடவில்லை.

சாத்தூரின் 40-க்கு அசையாதவரைத் தகீராவின் 37 ஏன் சாய்த்தது என்பது இப்போது உங்களுக்கே தெரியும். ஈரத் துணி 28-ல் நின்றது. இந்த ஈரத் துணி அளவு 35-ஐத் தொட்டால் மனித உடம்பு தாங்காது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான வாலிபர்களை வைத்துப் பரிசோதித்தபோது, ஈரக்காற்றில் 31-ஐ ஒட்டியே அவர்கள் உடம்புச் சூடு கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. வாலிபர்களுக்கே அப்படி. ஐம்பது வயதுக்காரர்களையும் கர்ப்பிணிகளையும் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

2024 ஏப்ரல் கடைசியில் லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு சின்னக் கைக்கருவியைக் கூடவே கொண்டுவந்தேன். கோலிக்குண்டு அளவுக்குக் கறுப்புக் குண்டு வைத்தது. சிவகாசி வெயில் வறண்ட வெயில், அதனால் சாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று ஒரு குறுகுறுப்பு.

முதலில் எங்கள் மொட்டைமாடி. பகல் பன்னிரண்டரை, அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கூழ் வற்றல் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாதாரணத் தெர்மாமீட்டர் 40. ஈரத் துணி 26. கறுப்புக் குண்டு, அடேயப்பா, 54! கூட்டினால் 33. "அம்மா, கத்தாராயிருந்தால் இந்த நிமிஷம் உன்னை மாடியிலிருந்து இறக்கியிருப்பார்கள்" என்றேன். "அப்போ வத்தலை அரபு ராசாவா வந்து ஊத்துவாரு?" என்றாள் அம்மா.

பயராபீஸ் பக்கம் கருவியைக் கொண்டுபோகவில்லை. பாட்டரியும் செல்போனும் அங்கே வாசலைத் தாண்டக்கூடாது, நியாயமான விதி. உராய்வும் உஷ்ணமும் மருந்துக்கு ஆகாது என்பதால், கலக்கும் வேலையை வெயிலேறுமுன் முடித்துவிட வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். மருந்துக்கு நேரம் பார்க்கத் தெரிந்த ஊர் இது.

அடுத்த வீட்டு அத்தை இருக்கிறாளே, அவள் வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறாள். அதில் மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பின்கட்டு. நான் போனபோது மின்விசிறி ஓடவில்லை. கரண்ட் இல்லையோ என்றால், இருக்கிறது. விசிறி போட்டால் காகிதம் பறக்கும்! கதவையும் ஒருக்களித்துச் சாத்தியிருந்தாள். அங்கே கருவி 40-ம், ஈரத் துணி 25-ம், கறுப்புக் குண்டு 44-ம் காட்டியது. நிழலுக்கான கணக்கு கொஞ்சம் வேறு. ஈரத் துணிக்கு 7 பங்கு, குண்டுக்கு 3. கூட்டிப் பார்த்தேன்: 30.7. உட்கார்ந்து கைவேலை செய்கிறவர்களுக்கு 30 வரை என்பது சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் அட்டவணை. அத்தைக்கு வயது அறுபத்திரண்டு. ஒரு நாளில் எத்தனை குழாய் உருட்டுகிறாளோ அத்தனைக்குத்தான் கூலி.

1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13-ம் பிரிவிலேயே வேலைக்கூடத்தில் காற்றோட்டமும் தாங்கக்கூடிய உஷ்ணமும் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். அத்தையின் பின்கட்டு தொழிற்சாலை அல்லவே! 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; வெயிலுக்குப் பலியானவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் பலியாவதற்கு முன்னால் அந்த நாளின் கூலிக்கு என்ன வழி என்பதல்லவா அத்தையின் கேள்வி? குஜராத்தில் இளா பட் அம்மையார் 1972-ல் தொடங்கிய 'சேவா' பெண்கள் சங்கம் 2023-ல் ஒரு பரீட்சை செய்தது. வெயிலுக்கு இன்ஷூரன்ஸ்! குறிப்பிட்ட உஷ்ணத்தை நாள் தாண்டினால், யாரும் நோயில் விழ வேண்டாம், மனுப் போட வேண்டாம். உறுப்பினர் கணக்கில் ஒரு தொகை வந்துவிடும். அதைச் சொன்னதும் அத்தை குழாய் உருட்டுவதை நிறுத்திவிட்டு, "நெசமாவா?" என்று கேட்டாள்.

நான் அங்கே போய்வந்த காலத்தில் நம் தமிழ்நாட்டிலேயே இந்த ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தார் 2017-ல் தொடங்கி, வயலிலும் உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்யும் பெண்களையும் சேர்த்து 800 கர்ப்பிணிகளைக் கவனித்து வந்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கர்ப்பம் கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. உப்பளத்துப் பெண்கள் பலர் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் அந்த வரியைத் தோகாவில் உட்கார்ந்து படித்தேன். மடக்குக் கூடாரம் ஞாபகம் வந்தது.

லீவு முடிந்து கிளம்புமுன் அத்தையின் பேத்திக்கு ஒன்று செய்துகொடுத்தேன். ஒன்பதாவது படிக்கிறாள், கெட்டிக்காரி. கடையில் வாங்கிய இரண்டு சுவர்த் தெர்மாமீட்டர். அம்மாவின் பழைய நூல் சேலையில் ஒரு விரல் அகலக் கிழிசல் எடுத்து, ஒன்றின் குமிழில் கட்டி, நுனியை மருந்து பாட்டில் தண்ணீரில் தொங்கவிட்டோம். மொத்தச் செலவு ஒரு நல்ல ரவிக்கைத் துணி விலைகூட ஆகவில்லை. உங்கள் வீட்டுச் சமையலறையிலும் கட்டிப் பார்க்கலாம். அடுப்படியில் மத்தியானம் அது என்ன காட்டுகிறது என்று பார்த்தால் வீட்டிலுள்ள ஆண்களுக்கும் கொஞ்சம் ஞானம் பிறக்கும். கறுப்புக் குண்டு இல்லாததால் முழுக் கணக்கு வராது. ஆனாலும் இரண்டு எண்ணும் ஒன்றையொன்று நெருங்கினால் காற்றில் ஈரம் ஏறுகிறது, உஷார் என்று தெரிந்துகொள்ளலாம். ஈரத் துணி 27-ஐத் தாண்டினால் பாட்டியை எழுப்பி வாசல் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போவது, அரை மணி நேரம் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம்.

எழுதிவைக்கக் காகிதத்துக்குப் பஞ்சமா சிவகாசியில்? தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவள் எழுதி, படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். மே மாதத்துத் தாள் ஒன்றில் இப்படி இருந்தது:

"சாதா 38. ஈரம் 28. மழை வர்ற மாதிரி இருக்கு. பாட்டியை வேப்பமரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். குழாயையும் கையோட எடுத்துட்டு வந்திருச்சு, அங்கே உக்காந்து உருட்டுது. காத்து நல்லா வருது. நாலு தாள் பறந்துபோச்சு, ஓடிப்போய்ப் பிடிச்சுட்டு வந்தேன்."